குழியில காசு கிடைச்சா என்ன பண்ணணும்: ராம்நாடு கடக்கரைப் பக்கத்து அனுபவத்துல இருந்து

மொதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். ஸ்கூல் படிக்கிறப்ப ஆத்தங்கரைப் பக்கம் மணல்ல ஒரு சின்ன செப்புக்காசு கிடைச்சுச்சு, வீட்டுக்கு வந்து குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே புளி, உப்பு, தேங்காநார் எல்லாம் போட்டு அரைமணி நேரம் தேய்ச்சேன், தங்கம் மாதிரி மின்னுச்சு. ஆனா அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் தகடு. பழைய செம்புல உருவமும் எழுத்தும் பல சமயம் அந்தப் பச்சைக் களிம்புக்குள்ளயே தான் இருக்கும், களிம்பைத் தேய்ச்சா காசையே தேய்ச்சதா அர்த்தம். இது தெரியவே எனக்குப் பல வருஷம் ஆச்சு.

சரி, அகழாய்வுக் குழியில வேலை பாக்குறீங்க, காசு வந்துடுச்சு. உடனே எல்லாரும் கேக்குறது "யாரு காசு?"ன்னு தான். அதை விடுங்க, எங்க கிடந்துச்சுன்னு எழுதுங்க. எந்த ட்ரெஞ்ச் (தோண்டுற குழி), எந்த குவாட்ரண்ட் (குழியோட கால் பாகம்), எந்த லேயர் (மண் அடுக்கு), எத்தனை சென்டிமீட்டர் ஆழம், கூட என்ன கிடந்துச்சு, தரைத்தளத்து மேலயா இல்ல குப்பைக்குழிக்குள்ளயா, குழியில இருந்தபடியே பாத்தீங்களா இல்ல சல்லடையில விழுந்ததா. சல்லடையில வந்ததுன்னா அதையும் ஒளிக்காம எழுதிடுங்க. சீட்டுல பென்சில்ல எழுதுறது நல்லது, பால்பாயின்ட் இங்க் ஈரத்துல ஊறிப் போயிடும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்த லேயருக்குத் தேதி சொல்றதுக்கு காசு கிடந்த இடம் தான் ஆதாரம். ஒரே லேயர்ல ரோமப் பேரரசன் தியோடோசியஸ் (379-395) காசும், ராஜராஜ சோழன் (985-1014) காசும் கிடைச்சா அந்த லேயர் 985க்கு முன்னாடி உருவாகியிருக்கவே முடியாது, ரெண்டுல புதுசு எதுவோ அது தான் கணக்கு. ஆனா ரோமக்காசு மட்டும் கிடைச்சா உடனே "நாலாம் நூற்றாண்டு"ன்னு எழுதிடாதீங்க, அந்தச் சின்னச் செப்புக்காசெல்லாம் ரொம்ப நாள் கைமாறி ஓடினது, எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க. இன்னொண்ணு நம்ம கடக்கரைக்குன்னே உள்ள தொல்லை: மணல்ல நண்டு வளை, எலி வளை, தென்னங்கன்னு வைக்கத் தோண்டின குழி. மேல் மண்ணு காசு இது வழியா கீழ இறங்கிடும். மண்ணோட நிறம் அந்த இடத்துல மட்டும் வேறயா இருந்தா அங்க கிடைச்சதை நம்பவே நம்பாதீங்க.

அடுத்தது உப்பு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நம்ம வீட்டு ஜன்னல் கம்பியே பொருக்கு விடுது, பல நூறு வருஷம் உப்பு மண்ணுல கிடந்த செம்பு மட்டும் சும்மா இருக்குமா. உள்ள ஏறின குளோரைடு வெளியில வந்து ஈரமும் காத்தும் பட்ட உடனே வேலையைக் காட்டும், வெளிர்பச்சையில மாவு மாதிரி பொங்கி வரும், அது வந்துட்டா காசு உள்ளயிருந்தே தின்னு போகும். அதனால குழியை விட்டு வந்த அன்னைக்கே, மேல ஒட்டின மண்ணை மட்டும் மெத்து பிரஷ்ல தட்டிட்டு, காத்து போகாத டப்பாவுல ஈரத்தை உறிஞ்சுற சிலிகா ஜெல்லோட வச்சுடுங்க. ஆல்பம் கடையில விக்கிற மெத்து பிவிசி கவர் வேண்டாம், அதுவே நாளாக நாளாகக் காசை அரிக்கும். மாவு பொங்குற காசைத் தனி டப்பாவுல எடுத்து வச்சு கன்சர்வேஷன் லேப்புக்கு அனுப்பிடணும், கெமிக்கல் சமாச்சாரம் நம்ம வேலை இல்ல.

அளவு எடுக்குறது லேசு தான். நகைக்கடைத் தராசு மாதிரி ரெண்டு தசமம் காட்டுற டிஜிட்டல் தராசு, குறுக்களவு பாக்க வெர்னியர், பத்து மடங்கு பெருசாக் காட்டுற ஒரு 10 எக்ஸ் லென்ஸ் போதும். போட்டோவுக்கு பிளாஷ் போடாதீங்க, லைட்டைச் சைடுல தாழ்வா வச்சு ரெண்டு பக்கமும் ஸ்கேலோட எடுங்க, தேய்ஞ்ச எழுத்து நிழல்ல தான் எந்திரிச்சு நிக்கும்.

இப்ப யாரு காசுன்னு பாக்கலாம். சதுரமான செம்பு, ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடு கோடா மீன்னா சங்ககாலப் பாண்டியர் பக்கம் போங்க, மீன் நெஜ மீன் மாதிரி இருக்கும்னு தேடாதீங்க, அது கோலம் மாதிரி தான் இருக்கும். 'பெருவழுதி'ன்னு தமிழ்-பிராமியில எழுத்து உள்ளதும் உண்டு. சட்டை பட்டன் அளவுல, ஒரு கிராமுக்கு முன்னப் பின்ன எடையில வட்டமா இருந்தா பிற்கால ரோமக்காசா இருக்கலாம். நம்ம கடக்கரையில பழைய துறைமுகமா இருந்த அழகன்குளத்துல ரோமப் பேரரசர்கள் இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்காடியஸ் காசெல்லாம் கிடைச்சிருக்கு. வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துட்டுப் போற படம் இந்த மூணு பேர் காசுலயும் வரும், அதனால படத்தை வச்சு ராஜாவைச் சொல்லாதீங்க, தலையைச் சுத்தி இருக்கிற எழுத்தைப் படிங்க. இதைப் பாத்து இலங்கையில அடிச்ச நகல் காசும் நிறைய இருக்கு, எழுத்து வெறும் கிறுக்கலா இருந்தா அந்தச் சந்தேகம் வரணும்.

நம்ம பக்கம் ஆளுங்க அதிகமா ஏமாறுறது அடுத்த வகையில. ஒரு பக்கம் நிக்கிற ஆள், மறுபக்கம் உக்காந்த ஆள், பக்கத்துல நாகரி எழுத்து. பாத்த உடனே "ராஜராஜன் காசு!"ன்னு வாட்ஸ்அப்ல போட்டுடுறாங்க. சோழர் போன பிறகு இலங்கை ராஜாக்களும் அதே மாதிரியில தான் அடிச்சாங்க, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், ராணி லீலாவதி எல்லாரும். உருவம் ஒண்ணு தான், நாகரி எழுத்து தான் வேற. கடல் தாண்டினா இலங்கைங்கிற ஊர்ல இது ரெண்டும் கலந்து கிடக்குறது ஆச்சரியமே இல்ல. அதே கதை தான் 'சேது' காசுக்கும், நந்தியும் கீழ தமிழ்ல சேதுன்னு எழுத்தும் இருந்தா நம்ம சேதுபதி காசுன்னு பெருமையா சொல்லுவாங்க, அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காசு.

குழிக்கு வெளிய, தோட்டத்துலயோ கடக்கரையிலயோ புதையலா கிடைச்சா 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளதைக் கலெக்டருக்கு எழுத்துல சொல்லியாகணும். பத்து ரூபாய்ங்கிறது அந்தக் காலத்து கணக்கு, இப்ப எதைக் கண்டாலும் அதுக்கு மேல தான் வரும்.

எவ்வளவு பாத்தும் ஒண்ணும் தெரியாத காசு நிறைய வரும். ரிஜிஸ்டர்ல "செம்பு, வட்டம், 0.92 கிராம், எழுத்து தெரியலை, ட்ரெஞ்ச் ஏ-3, லேயர் 4"ன்னு எழுதி டப்பாவுல வச்சுடுங்க. களிம்புக்குள்ள இருக்கிறதை எக்ஸ்ரேயில பாக்க வழி இருக்கு, நீங்க தேய்க்காம விட்டிருந்தா.