மயோகுளோபினைக் குலைக்காமல் எடைபோடுவது எப்படி

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை மின்னூட்டி எடைபோடும் கருவி) புரதத்தின் எடை பார்ப்பது சுலபம். புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் வடிவம், அதாவது மடிப்பு, குலையாமல் பார்ப்பதுதான் பாடு, அந்தச் சிரமத்தில் முக்கால்வாசி உப்பினால் வருவது. கைபழக ஏற்றது குதிரை மயோகுளோபின், தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதம். சங்கிலி மட்டும் 16,951 டால்டன். உள்ளே செருகியிருக்கும் ஹீமோடு (இரும்பு கொண்ட சிறு மூலக்கூறு) சேர்த்து 17,567. ஹீமைப் பிடித்துவைத்திருப்பது முக்கியமாக மடிப்புதான், சங்கிலியோடு சகப்பிணைப்புப் பூட்டு எதுவும் கிடையாது. அதனால் மடிப்பு குலையவில்லை என்பதற்கு இந்த 616 டால்டன் வித்தியாசமே நமக்குச் சாட்சி.

முதலில் 200 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட் (சோடியம் உப்பைப் போல ஒட்டாமல் ஆவியாகிவிடும் உப்பு) தயாரிக்க வேண்டும்: 100 மில்லிக்கு 1.54 கிராம். புதுச்சேரி, கடலூர் காற்றில் முதல் தவறு இங்கேதான் நடக்கும். இந்தத் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பா வெளியே வியர்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்தால் உள்ளேயும் நீர் கோத்துவிடும். படிகம் கட்டிதட்டி கரண்டியில் ஒட்டுகிறதா? அப்படியானால் நிறுத்த எடையில் தண்ணீரும் சேர்த்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தூளோடு மல்லுக்கட்டாமல், விற்பனைக்குக் கிடைக்கும் 7.5 மோலார் கரைசலில் 2.67 மில்லி எடுத்து 100 மில்லியாக்குவதே மேல். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், சோடியம் கசியும், பாலிப்ரொப்பிலீன் போதும்.

அடுத்து உப்பு நீக்கம். புரதத்தை நிறுத்திக்கொண்டு உப்பை வெளியே விடும் 3 கிலோடால்டன் சென்ட்ரிஃப்யூஜ் ஃபில்டரை முதலில் தண்ணீர் விட்டு இருமுறை சுழற்றுங்கள்; சவ்வில் கிளிசரின் தடவியிருக்கும். பிறகு 500 மைக்ரோலிட்டர் மாதிரி, 14,000 ஜி, 4 டிகிரி, அரை மணி. சுமார் 50 மைக்ரோலிட்டர் மிஞ்சும். அசிடேட் ஊற்றி மறுபடி 500 ஆக்குங்கள். ஒரு சுற்றுக்கு உப்பு பத்தில் ஒன்றாகும். 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடோடு தொடங்கினால் மூன்று சுற்றுக்குப் பிறகும் 150 மைக்ரோமோலார் கிடக்கும். ஸ்ப்ரேக்குத் தேவையான புரதமோ 10 மைக்ரோமோலார்தான். ஐந்து சுற்று ஓட்டுங்கள். சோம்பல்பட்டால் ஸ்பெக்ட்ரம் காட்டிக்கொடுக்கும்.

கரைசலை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளிக்கும் நேனோஸ்ப்ரே ஊசியில் 3 முதல் 5 மைக்ரோலிட்டர், குமிழி இல்லாமல். மின்னழுத்தத்தை 0.8 கிலோவோல்ட்டில் தொடங்கி ஸ்ப்ரே நிலைக்கும்வரை மெல்ல ஏற்றுங்கள், பெரும்பாலும் 1.4ஐத் தாண்டத் தேவையிருக்காது. எம்/இசட் (எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்) 1952.9, 2196.9 இரண்டிலும் சிகரம் வர வேண்டும்: மின்னூட்டம் முறையே 9+, 8+. சரிபார்க்க, சிறிய எண்ணில் 1 கழித்து இடைவெளியான 244ஆல் வகுத்தால் 8 வரும். அது பெரிய எண்ணுக்குரிய மின்னூட்டம்.

8+ சிகரத்தின் வலப்பக்கம் 2.75 இடைவெளியில் படிக்கட்டு தெரிந்தால் சோடியம், 4.75 என்றால் பொட்டாசியம். ஃபில்டருக்குத் திரும்புங்கள். படிக்கட்டு தெரியாமல் சிகரம் அகன்று மொத்தையாக இருந்தால் கரைப்பான் ஒட்டியிருக்கலாம். கருவிக்குள் அயனிகள் வாயுவில் மோதும் ஆற்றலை, அதாவது மோதல் ஆற்றலை, சற்று கூட்டுங்கள்.

அதே புரதத்தை 50 சதவீத அசிட்டோநைட்ரைல், 1 சதவீத ஃபார்மிக் அமிலத்திலும் ஓட்டிப் பாருங்கள். விரிந்த சங்கிலி கூடுதல் புரோட்டான்களை ஏற்பதால் சிகரங்கள் 1000 பக்கம் நகரும், ஹீம் தனியாக 616இல் நிற்கும்.

அசிடேட்டிலேயே 616 தலைகாட்டினால் மடிப்பு குலைந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. மோதல் ஆற்றலைப் படிப்படியாகக் குறையுங்கள். 616உம், 16,951 டால்டனுக்குரிய சிகரங்களும் கூடவே குறைந்தால் ஹீமைப் பிடுங்கியது கருவி. 16,951 மட்டும் அசையாமல் நின்றால், அது கரைசலிலேயே ஹீம் இழந்திருந்த புரதம்.