பள்ளி மாறும் பிள்ளை மைதானத்தை இழக்காமல் இருக்க: மதுரை வட்டாரப் பெற்றோருக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும்

விளையாடுகிற பிள்ளையைப் பள்ளி மாற்றுவதென்றால் சித்திரைத் திருவிழாவுக்கும் ஜூன் பள்ளித் திறப்புக்கும் இடைப்பட்ட வாரங்களில் மாற்றிவிடுங்கள். அழகர் மலைக்குத் திரும்பும்போது டி.சி. உங்கள் கையில் இருக்க வேண்டும். பள்ளி திறந்த பிறகு மாற்றினால் படிப்புக்கு இடம் கிடைத்துவிடும், அந்த ஆண்டின் ஆட்டம் கிடைக்காமல் போகலாம்.

பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் அருகருகே உள்ள பள்ளிகள் மோதும் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று ஏறுகின்றன. அங்கிருந்து தேர்வாகிறவர்கள் எஸ்.ஜி.எஃப்.ஐ. எனப்படும் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். பள்ளி திறந்து சில வாரங்களிலேயே குறுவட்டப் பட்டியல் தயாராகத் தொடங்கிவிடும். அந்தப் பட்டியலில் எந்தப் பள்ளியின் பெயரோடு பிள்ளை ஏறுகிறானோ, அந்தக் கல்வியாண்டு முழுவதும் அவன் அந்தப் பள்ளியின் ஆட்டக்காரன். ஒரே ஆண்டில் இரண்டு பள்ளிக்கு ஆட முடியாது. மற்ற விதிகளெல்லாம் பெரும்பாலும் இதைக் காப்பாற்றுவதற்காக வந்தவைதான்.

எல்லா மாற்றத்திலும் சிக்கல் இல்லை. நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போவதும், உசிலம்பட்டிப் பக்கத்து அரசு கள்ளர் உயர்நிலைப் பள்ளியில் பத்து முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போவதும் இயல்பான மாற்றங்கள். பழைய பள்ளியில் அடுத்த வகுப்பே இல்லை என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏழிலிருந்து எட்டுக்கு, ஒன்பதிலிருந்து பத்துக்கு, அதுவும் நல்ல அணி உள்ள பள்ளிக்கு மாறும்போதுதான் எதிரணி உற்றுப் பார்க்கும். அப்போது தாள்கள் பேச வேண்டும்.

பார்க்கப்படும் தேதிகள் மூன்று. பழைய பள்ளியை விட்டு நீங்கியதாக டி.சி.யில் எழுதிய தேதி. புதிய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதி. எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பிள்ளை புதிய பள்ளியின் பெயருக்கு வந்த தேதி. மூன்றும் இதே வரிசையில், அடுத்தடுத்து வர வேண்டும். ஜூன் 10-ல் சேர்ந்ததாகப் பதிவேடு சொல்லி, டி.சி. ஜூலை 2-ல் எழுதப்பட்டிருந்தால் அந்த இடைவெளிக்கு விளக்கம் கேட்பார்கள். நான்காவதாக வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து, பிள்ளை வகுப்பில் உட்காராமல் பயிற்சிக்கு மட்டும் வந்துபோனால் அவன் அந்தப் பள்ளி மாணவனே அல்ல.

டி.சி. வாங்குவது இப்படி. தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எந்தக் காரணத்துக்காக மாற்றுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லுங்கள். நூலகப் புத்தகம், பள்ளி கொடுத்த ஜெர்சி, ஸ்பைக்ஸ் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடைமுறையில் பல நாள் இழுத்தடிப்பு ஒரு ஜோடி ஸ்பைக்ஸில்தான் தொடங்குகிறது. டி.சி. கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் பெயர், முதலெழுத்து, எண்ணிலும் எழுத்திலும் உள்ள பிறந்த தேதி, அங்க அடையாளம், நீங்கிய தேதி ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே அதே மேசையில் திருத்துவது எளிது. ஆகஸ்டில் போய்க் கேட்டால் அதற்கும் ஒரு விண்ணப்பம், அதற்கும் ஒரு வாரம்.

எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அதன் 5-ஆம் பிரிவின்படி பிள்ளை வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறக் கேட்டால் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆனால் சேர்க்கை கிடைத்துவிட்டது என்பதற்காக டி.சி.யை மறந்துவிடாதீர்கள். வகுப்பில் உட்கார அது இல்லாமல் முடியும், ஆட்டப் பட்டியலில் சிக்கல் வரும்.

எமிஸ்தான் இப்போது அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. டி.சி. கையில் இருக்கும், பிள்ளை புதிய வகுப்பில் இருப்பான், கணினியில் மட்டும் பழைய பள்ளியிலேயே இருப்பான். பழைய பள்ளி அவனை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்க முடியும். ஆகவே டி.சி. வாங்கும்போதே, பொதுத் தொகுப்புக்கு அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள். புதிய பள்ளியில் பழைய எமிஸ் எண்ணையே கொடுங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்று புதிதாக ஓர் எண் போட்டுவிட்டால் ஒரே பிள்ளை இரண்டு பள்ளியில் இருப்பதுபோல் ஆகிவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் நாட்களில் குறுவட்டம் முடிந்திருக்கும். சேர்ந்த வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டு, வருகைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது வயது. பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். நம்மூரில் ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்போம். கணக்கு டிசம்பர் 31-ஐ வைத்து. போட்டி ஆண்டிலிருந்து 13, 16, 18 ஆகியவற்றைக் கழித்தால் எந்த ஆண்டு ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும் என்பது வந்துவிடும். 2025-க்கு அது 2012, 2009, 2007. 2008 டிசம்பர் 28-ல் பிறந்தவனுக்கும் 2009 ஜனவரி 1-ல் பிறந்தவனுக்கும் நான்கு நாள்தான் வித்தியாசம். முதலாமவன் 2025-ல் சூப்பர் சீனியர், இரண்டாமவன் சீனியர். உயர்நிலைப் பள்ளிகளில் சூப்பர் சீனியர் அணி இருக்காது என்பதால் முதலாமவனுக்கு ஆடவே அணி இல்லாமல் போகலாம். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி மாற்றும் சாக்கில் பிறந்த தேதியையும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், முதல் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். வயது மோசடியைத் தடுக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-ல் விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பல்லையும் எலும்பு எக்ஸ்ரேயையும் பார்த்து வயதைக் கணிப்பது அதில் உண்டு. உண்மையிலேயே பதிவேட்டில் தேதி தவறாக இருந்தால், பிறப்புச் சான்றை வைத்துப் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் முறைப்படி திருத்திவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அது நீண்ட வேலை.

இனி, ஆண்டின் நடுவே மாற வேண்டிய கட்டாயம் வந்தால் என்ன செய்வது? அப்பாவுக்குப் பணியிட மாற்றம் வரும், வீடு மாறும், வீட்டில் ஒரு சாவு நேரும். இவை யார் கையிலும் இல்லை. பிள்ளை பழைய பள்ளிக்காக அந்த ஆண்டு இன்னும் ஆடவில்லை என்றால் வழி இருக்கிறது. பணியிட மாற்ற ஆணை, வாடகை ஒப்பந்தம், முகவரி மாற்றிய ரேஷன் அட்டை என்று காரணத்தைக் காட்டும் தாள் எதுவோ அதன் நகலை இணைத்து, புதிய பள்ளித் தலைமையாசிரியர் வழியாக மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்குக் கடிதம் கொடுங்கள். பழைய பள்ளியிலிருந்து, ‘இந்தக் கல்வியாண்டில் இம்மாணவர் எங்கள் பள்ளி சார்பில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை’ என்று முத்திரையோடு ஒரு வரி வாங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு களமிறக்குங்கள். “நான் பேசிட்டேன் சார், இறக்குங்க” என்று போனில் வரும் உறுதி, எதிரணி முறைப்படி எதிர்ப்பு கொடுக்கும் நேரத்தில் உதவாது.

ஏற்கெனவே ஆடிவிட்டான் என்றால் வேறு பேச்சு. குறுவட்டத்தில் தோற்றிருந்தால் அந்த ஆட்டத்தில் அவனுக்கு அந்த ஆண்டு முடிந்தது; மேலூரில் தோற்றவனைத் திருமங்கலத்தில் இறக்கக் கூடாது. வென்று மாவட்டத்துக்குத் தேர்வாகியிருந்தால், முடிந்தவரை அந்தப் போட்டி முடிந்த பிறகு மாற்றுங்கள். தடகளப் பிள்ளைகளின் பெற்றோர் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். 400 மீட்டரில் முதலிடம் வாங்கிய தகுதி, அந்தக் குறுவட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயரில் வந்தது. பிள்ளையோடு சேர்ந்து அது புதிய பள்ளிக்கு வராது. அங்கே அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறொரு பிள்ளை ஓடித் தேர்வாகியிருப்பாள்.

போட்டிக்காக ஆண்டின் நடுவில் ஆளை இழுக்கும் பள்ளிகளுக்கு இணங்காதீர்கள். கட்டணம் இல்லை, ஷூ வாங்கித் தருகிறோம் என்பார்கள். எதிர்ப்பு வந்து அணி தகுதியிழந்தால், பட்டியலில் இருக்கும் 12 கபடிப் பிள்ளைகளும் சேர்ந்தே வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவனுக்கு அதுவே கடைசிப் பள்ளிப் போட்டி.

மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ. பள்ளிக்கோ, நரிமேடு, திருப்பரங்குன்றம் கேந்திரிய வித்யாலயாக்களுக்கோ போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எஸ்.ஜி.எஃப்.ஐ.யில் தமிழ்நாடு ஓர் அணி, சி.பி.எஸ்.இ. தனி அணி, கேந்திரிய வித்யாலயா தனி அணி. தேர்வுப் பாதையே வேறு. மாவட்டத்தில் கடும் போட்டியால் மேலே போக முடியாதவனுக்கு அது வாய்ப்பாகலாம். பிள்ளையின் ஆட்டமே அங்கு நடத்தப்படாமலும் இருக்கலாம். சேர்வதற்கு முன் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம், சென்ற ஆண்டு எந்தெந்த ஆட்டத்துக்கு அணி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைத்தாலும் பள்ளி மாற்றம்தான். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குக் கோடையில் தேர்வு நடக்கும். விடுதியோடு இணைந்த பள்ளிக்கே பிள்ளை ஆட வேண்டும். செப்டம்பரில் வீட்டு ஏக்கம் தாங்காமல் திரும்பிவந்தால் மேலே சொன்ன நடுவாண்டு விதிகள் அத்தனையும் பொருந்தும். அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

பி.டி. ஆசிரியர் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கோப்பு: மாறிவந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் டி.சி. நகல், சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கம், பிறப்புச் சான்று, ஆதார், அந்த மாதம் வரையிலான வருகைப் பதிவு. எல்லாவற்றிலும் தலைமையாசிரியர் கையொப்பம் வேண்டும். தகுதிப் படிவப் புகைப்படத்தில் முத்திரை பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். தாளில் மட்டும் விழுந்த முத்திரையை ஏற்க மாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் துறை அனுப்பும் ‘செயல்முறைகள்’ எனும் சுற்றறிக்கையில் கடைசித் தேதிகள் மாறும் என்பதால் அந்த ஆண்டின் நகலையே முதல் தாளாக வையுங்கள், சென்ற ஆண்டுடையதை எடுத்துவிடுங்கள்.

பழைய பள்ளியோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஆடி வாங்கிய சான்றிதழ்கள் செல்லும். பின்னாளில் மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது, தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 4 கேட்பார்கள். அதற்கான பதிவு, ஆடிய ஆண்டில் படித்த பள்ளியின் பெயரிலேயே இருக்கும். பெயர் எழுத்து ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் உள்ளதுபோல் விளையாட்டுச் சான்றிதழிலும் இருக்கிறதா என்று பரிசளிப்பு முடிந்த அன்றே பாருங்கள். சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரி அன்று மைதானத்திலேயே இருப்பார்.