1914 ஜூலை: கூட்டணிகளைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் உலகப் போருக்குப் பொறியாக, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது ஜூனா ஜூலையா என்று தடுமாறுவதை விட்டுவிடலாம். ஒரு தடவை திருத்தினால் போதும். கீழே இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. ஒருவர் விழுந்து எழுந்த குழியிலேயே அடுத்தவரும் வந்து விழுகிறார்.

"ஒப்பந்தப்படி எல்லாரும் வந்தார்கள்"

ஆஸ்திரியா செர்பியாவைத் தாக்க, ஒப்பந்தப்படி ரஷ்யா, ஒப்பந்தப்படி ஜெர்மனி, ஒப்பந்தப்படி பிரான்ஸ், பிரிட்டன். படிக்க வழவழவென்று இருக்கும். விடைத்தாளில் மதிப்பெண்ணும் விழும். எரிச்சலே அதில்தான். ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பாருங்கள்.

ரஷ்யாவுக்கும் செர்பியாவுக்கும் ராணுவ ஒப்பந்தமே கிடையாது. ஜூலை 30 அன்று பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது ரஷ்யாவின் சொந்த முடிவு.

1879 ஜெர்மன்-ஆஸ்திரிய ஒப்பந்தம், ரஷ்யா தாக்கினால் உதவு என்கிறது. செர்பியா விஷயத்தில் என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஜூலை 5, 6 தேதிகளில் பெர்லின் ஆஸ்திரியாவுக்குத் தந்த 'வெற்றுக் காசோலை' அதில் எங்கும் இல்லை. ரஷ்யா மீது ஜெர்மனி போர் அறிவித்தது ஆகஸ்ட் 1. ஆஸ்திரியா அறிவித்தது ஆகஸ்ட் 6. துணைக்கு வந்தவர் ஐந்து நாள் முன்னாலேயே சண்டையில்! ரஷ்யா படை திரட்டி முடிக்குமுன் பிரான்ஸை வீழ்த்தியாக வேண்டும் என்ற போர்த்திட்டம்தான் பெர்லினைத் துரத்தியது. அந்த அவசரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மன் தூதர் பூர்தாலே ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சசோனவிடம் கொடுத்த போர் அறிவிப்புக் குறிப்பைப் பாருங்கள். படைதிரட்டலை நிறுத்த ரஷ்யா மறுத்தால் ஒன்று, பதிலே தராவிட்டால் ஒன்று என பெர்லின் அனுப்பிய இரண்டு வாசகங்களும் அதில் அப்படியே இருந்தன. கொடுத்துவிட்டு மனிதர் அழுதுவிட்டார்.

பிரான்ஸ்-ரஷ்யக் கண்ணி மட்டும் கெட்டி. ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கினால் பிரான்ஸ் இறங்கியாக வேண்டும். ஜெர்மனிக்கு எதிரே நிறுத்த 13 லட்சம் பேர் என்று எண்ணிக்கைகூட எழுதியிருக்கிறது. ஆனாலும், நடுநிலை வகிப்பீர்களா என்று ஜெர்மனி கேட்டபோது பிரதமர் விவியானி ஒப்பந்தத்தைக் காட்டவில்லை. பிரான்ஸ் தன் நலனுக்கு ஏற்றபடி நடக்கும் என்றார், அவ்வளவுதான்.

பிரிட்டன்? பிரான்ஸுடன் செய்த 1904 உடன்பாடு எகிப்து, மொராக்கோ, நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடி பற்றியது. ரஷ்யாவுடன் செய்த 1907 உடன்பாடு பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றியது. ஐரோப்பியப் போரில் உதவ வேண்டும் என்று இரண்டிலும் ஒரு வரி இல்லை. 1912 நவம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரேயும் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் காம்போனும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், இரு நாட்டுத் தளபதிகளின் பேச்சு எந்த அரசையும் கட்டுப்படுத்தாது என்றே சொல்கின்றன. லண்டன் ஆகஸ்ட் 4 அன்று தூக்கிக் காட்டிய தாள் பெல்ஜிய நடுநிலை பற்றிய 1839 ஒப்பந்தம்.

எழுதுமுன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கையெழுத்திட்டது யார், யாருக்கு எதிராக, முதலில் தாக்க வேண்டியது யார், என்ன உதவி. மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதே பாதிக் கதை உதிர்ந்துவிடும்.

இத்தாலியின் 'துரோகம்'

1914 ஆகஸ்டில் இத்தாலி கூட்டாளிகளோடு போரில் இறங்காததைத் துரோகம் என்பார்கள். ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி சேர்ந்த மூவர் கூட்டணி தற்காப்புக்கானது. 1914இல் தாக்கியது ஆஸ்திரியா. பால்கனில் கைவைத்தால் முன்கூட்டியே பேசி ஈடு தர வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு, வியன்னா பேசவில்லை. 1883 முதல் ரகசியக் கூட்டாளியான ருமேனியாவும் அதே ஆகஸ்டில் ஒதுங்கி நின்றது. அதைத் துரோகம் என்று யாரும் எழுதுவதில்லை. இத்தாலியைத் திட்டுவதானால் எதிரணியில் சேர்ந்து ஆஸ்திரியா மீதே போர் தொடுத்த 1915 மே மாதத்துக்காகத் திட்டுங்கள்.

'மூவர் நட்புறவு' கூட்டணி அல்ல

பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றுக்கும் இடையிலான உறவு அது. நட்புறவுதான் என்று பெயரே சொல்கிறது.

ரஷ்யத் தேதிகள்

அன்றைய ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாட்காட்டி, 1914இல் 13 நாள் பின்தங்கியது. ஆவணத்தில் ஜூலை 17 என்றிருந்தால் அது ஜூலை 30. 1892 பிரான்ஸ்-ரஷ்ய ராணுவ உடன்படிக்கைக்கு 13 கூட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள்.