டிஸ்சார்ஜுக்குப் பிறகு நாம் செய்யும் தவறுகள்

"சுகமாயாச்சுல்லா, இனி எதுக்கு மாத்திரை?" நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (அடைப்பெடுத்த ரத்தக்குழாயில் வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவரின் வீட்டில் கேட்டால் எனக்குப் பயமே வந்துவிடும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. தானாக நிறுத்தினால் அதே இடத்தில் திடீரென்று அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தக் கூடாது.

நிறுத்துவது ஒரு தவறு என்றால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிடுவது இன்னொன்று. இதுதான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதல் கவனம் கேட்கிறது. திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருப்பதால் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலிருந்து பலர் அங்கே போய்ச் சிகிச்சை எடுக்கிறார்கள். ஊர் திரும்பியதும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார்கள். அங்கே தனியாரில் எழுதித் தந்தது கம்பெனிப் பெயராக இருக்கும். இங்கே மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு (சர்க்கரை மாத்திரை) என்று மருந்தின் பெயரே இருக்கும். இரண்டும் ஒன்று என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, வயதானவர் மயங்கி விழுந்துவிடுவார். அதனால் பழையது, புதியது எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். எதைத் தொடர வேண்டும், எதை விட வேண்டும் என்று தமிழில் எழுதி வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது நோயாளியின் உரிமை.

அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளியைப் பற்றி நாமே போய்ச் சொல்லாமல், யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொல்லி வையுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் முதல் சில மாதங்கள் பயிற்சிக்கு மிக முக்கியமானவை. அவை வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது, அவசரத்தில் வாடகை காரைப் பிடித்துச் சீட்டு இல்லாமல் ஓடுகிறவர்கள் உண்டு. என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது அங்குள்ள டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். பரிந்துரைக் கடிதம் கையில் இருக்கட்டும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் 108 இலவசமாக வரும்.

சாலை விபத்தில் இன்னொரு குழப்பம். 'இன்னுயிர் காப்போம்' திட்டம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரத்துக்கான செலவை ஏற்கிறது. எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. ஆனால் இதற்கு உச்சவரம்பு உண்டு. சிகிச்சை முழுக்க இலவசம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். 48 மணி நேரம் முடிவதற்குள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது பற்றி அங்கேயே பேசுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகள்: மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும்? என்ன அறிகுறி தெரிந்தால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்? பதிலை நோயாளியோடு தங்கப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட வந்த உறவினர் மட்டும் கேட்டால் போதாது.