வலையில் மயங்கிய பெருந்தலைக் கடலாமையைப் பிழைக்க வைப்பது

இழுவலையைத் தூக்கும்போது மடியில், அதாவது மீன் சேரும் வலையின் கடைசிப் பையில், ஆமை அசையாமல் கிடந்தால், செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள். மூச்சடைத்து மயங்கிய ஆமை மணிக்கணக்கில் பிணம்போலவே கிடக்கும். அப்படியே நீரில் விட்டால் மூழ்கிச் சாகும். உடல் விறைத்தோ சதை அழுகியோ இருந்தால் மட்டுமே செத்ததாகக் கொள்ளுங்கள். பெருந்தலைக் கடலாமை அதிகம் சிக்கும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், இந்த முதலுதவியைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நம் கரையில் சிக்கும் பங்குனி ஆமைக்கும் இதே முறைதான்.

வளர்ந்த ஆமை 100 கிலோவைத் தாண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்டின் பக்க விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். துடுப்புபோன்ற காலைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். வாய்ப்பக்கம் கை போகவே கூடாது. சங்கை நொறுக்கித் தின்னும் தாடை அது.

வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்துக்கு அடியில் பழைய டயரை வையுங்கள். குறைந்தது 15 செ.மீ. உயரம் வேண்டும், பெரிய ஆமைக்கு இன்னும் கூடுதலாக. நுரையீரலில் புகுந்த நீர் அப்போதுதான் வடியும். மல்லாத்தினால் குடலின் பாரம் முழுவதும் நுரையீரல் மேல் இறங்கும். வயிற்றுப்பக்க ஓட்டினை அமுக்கி நீர் எடுக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது கெடுதலே செய்யும்.

ஓட்டின் ஒரு பக்கத்தைச் சுமார் 8 செ.மீ. தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கத்தைத் தூக்கி, மெதுவாக ஆட்டுங்கள். அவ்வப்போது கண்ணோரம் லேசாகத் தொட்டு, வாலைக் கிள்ளிப் பாருங்கள். சிறு அசைவு தெரிந்தாலும் உயிர் இருக்கிறது. நிழலில் வைத்து ஓடு, தலை, துடுப்புகள்மேல் ஈரச்சாக்கு போடுங்கள். மூக்குத்துளை மூடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் இறக்கவே கூடாது.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். தலையைத் தூக்கியதும் மகிழ்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். வலைக்குள் போராடியபோது ரத்தத்தில் சேர்ந்த லாக்டிக் அமிலம் குறையப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு வலையில் சிக்கினால் தாங்காது. 4 மணி நேரமாவது வைத்திருங்கள், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை.

விடும்போது வலை கடலில் இருக்கக் கூடாது. எஞ்சினை நியூட்ரலில் போட்டு, மற்ற படகுகள் வலை இழுக்காத இடத்தில், படகின் பின்பக்கமாக மெல்ல இறக்குங்கள்.

இந்த இனம் முட்டையிடும் வயதுக்கு வரவே 25 முதல் 35 ஆண்டுகள் ஆகலாம். அதனால் வளர்ந்த ஆமை ஒன்றை இழப்பது பேரிழப்பு. சிக்காமல் பார்ப்பதே மேல்: மடிக்கு முன்னால் ஆமை வெளியேறும் கம்பிச் சட்டம் பொருத்துங்கள், கம்பிகளுக்கு இடைவெளி 10 செ.மீ.க்குள். கம்பிச் சட்டம் இல்லாத வலையென்றால் இழுக்கும் நேரத்தைக் குறையுங்கள். அமெரிக்காவில் அத்தகைய வலைகளுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 55 நிமிடம், மற்ற மாதங்களில் 75 நிமிடம்தான் வரம்பு.