பசிக்கவில்லை என்பதற்காகச் சாப்பிடாமல் இருக்கலாமா? கீட்டோவின் முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டி உண்ணும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அது நடக்கும். மதியம் இரண்டு மணி ஆகியிருக்கும். உடன் வேலை பார்ப்பவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். உங்களுக்கோ சாப்பாட்டு நினைவே வந்திருக்காது. இத்தனை வருடங்களாகப் பதினொரு மணிக்கே கிள்ளத் தொடங்கிய வயிறு சத்தமில்லாமல் கிடக்கும்.

எனக்கு அப்படி நடந்தபோது பெரிய வெற்றி என்று நினைத்தேன். காலையில் ஒரு பட்டர் டீ, இரவு இரண்டு முட்டை, நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். கணக்குப் போட்டிருந்தால் நானூறு கலோரி தேறியிருக்காது. எடைக் கருவியில் எண் தினமும் இறங்கியது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் வாளியைத் தூக்கி நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் கழித்துத் தலை சீவினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. உடல் பசியைத்தான் நிறுத்தியிருந்தது. உணவே வேண்டாம் என்று அது சொன்னதாக நானாக எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தவறைப் பலரும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

பசி எங்கே போகிறது?

நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கீட்டோவில் ஒரு நாள் முழுவதற்குமே 20 முதல் 50 கிராம் வரைதான் அனுமதி. மூன்று வேளையும் அரிசி உண்டு பழகிய உடலுக்கு இது பெரிய திருப்பம். கல்லீரலில் சேமித்திருந்த சர்க்கரை ஓரிரு நாட்களில் தீர்ந்துபோகும். அதன்பின் உடலின் கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன்களைத் தயாரிக்கத் தொடங்கும். மூளை அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும்.

சாதாரணமாக எடை குறையக் குறையப் பசி கூடும். வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறுவது அதற்கு ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் மிகக் குறைந்த கலோரி கொண்ட கீட்டோ உணவை உண்டு எடை குறைத்தவர்களுக்குக் கீட்டோன் நிலை நீடித்தவரை அந்த ஏற்றம் இல்லை. வழக்கமான உணவு திரும்பியபின் கிரெலின் ஏறியது. ஆகவே பசி குறைவது இந்த உணவுமுறையின் இயல்பு. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் பசியின்மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று அமைதியானது: உணவு நினைவு வராது, தட்டு முன்னால் வந்தால் ருசித்துச் சாப்பிட முடியும். மற்றது வெறுப்பு: முட்டையைப் பார்த்தாலே குமட்டும், நெய் வாசனை வயிற்றைப் புரட்டும், தலை கனக்கும், எழுந்து நடக்கப் பிடிக்காது. முதல் வகைக்குக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டால் போதும். இரண்டாவதற்குக் காரணம் தேட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதி "கீட்டோ வேலை செய்கிறது" என்று மகிழ்வதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

பசித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

"பசித்தபின் புசி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பசி என்ற மணி ஒழுங்காக அடிக்கும் உடலுக்கு அது நல்ல அறிவுரை. முதல் மூன்று நான்கு வாரங்களில் அந்த மணி ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். அதை நம்பிக் காத்திருந்தால் மாலை ஆறு மணி வரை ஒன்றும் உள்ளே போகாது.

கலோரி குறைவதைவிடப் புரதம் குறைவதுதான் எனக்குக் கவலை தருகிறது. எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற, கிலோவுக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. உடல் பருமன் உள்ளவர்கள் இப்போதைய எடைக்குப் பதிலாக, உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். அறுபது கிலோ என்று வைத்தால் 72 கிராமாவது வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மூன்று முட்டை, சமைத்த மீன் 150 கிராம், பனீர் 100 கிராம் என்று மூன்று வேளைக்குப் பிரித்துச் சாப்பிட்டால் எழுபதை எட்டலாம். நான் உண்ட இரண்டு முட்டையில் 12 கிராம்! முடி கொட்டியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. உடல் பட்டினியை உணர்ந்ததும் முடியின் வேர்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதன் விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்தே சீப்பில் தெரியும்.

எனவே தட்டில் முதலில் புரதத்தை எடுத்து உண்ணுங்கள், காய்கறி அடுத்தது. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் நாட்களில் பாதாமையும் வெண்ணெயையும் முதலில் உண்டால், மீனுக்கும் முட்டைக்கும் இடம் இருக்காது. பட்டர் டீயில் எனக்கு உள்ள குறையும் இதுதான். 30 கிராம் வெண்ணெயில் 200 கலோரிக்கு மேல் இருக்கிறது, புரதம் இல்லை என்றே சொல்லலாம். ஏற்கெனவே பசி இல்லாதவர் அதை வெறும் வயிற்றில் குடித்தால் மதியச் சாப்பாடும் போய்விடும். பசி தாங்க முடியாதவர்களுக்கு அது துணையாக இருக்கலாம். உங்களுக்கு அது தேவையில்லை.

சைவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடினம். பருப்பும் சுண்டலும் மாவுச்சத்துக் கணக்கில் பெரும்பாலும் வெளியே போய்விடுவதால், பனீர், கெட்டித் தயிர், டோஃபு, பாதாம் ஆகியவைதான் மிஞ்சும். நான்கு நாளில் பனீர் திகட்டிவிடும். அதற்காகப் பட்டினி கிடப்பதைவிட, மாவுச்சத்தை 50 கிராம் வரை தளர்த்திக்கொண்டு ஒரு சிறு கிண்ணம் சுண்டலைச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

உப்பை மறப்பது

குமட்டல், தலைவலி, சோர்வு, வாய்க்கு எதுவும் பிடிக்காமை: முதல் வாரத்தில் இவை சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது உப்புக் குறைவை. உடலில் சேமித்திருக்கும் சர்க்கரை, தன் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது நீரும் வெளியேறும். முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்த நீர்தான். கூடவே இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றும். இட்லி, சாம்பார், அப்பளம், ஊறுகாய் வழியாக வந்துகொண்டிருந்த உப்பும் நின்றிருக்கும்.

இந்த நிலையில் பலரும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்கிறார்கள். அது இருக்கும் சோடியத்தையும் நீர்த்துப்போகச் செய்யும், குமட்டல் கூடும். உப்புப் போட்ட நீர்மோர், ஆட்டுக்கால் சூப், பருப்புச் சேர்க்காத மிளகு ரசம் ஆகியவை இங்கே மருந்துபோல் வேலை செய்யும். ஒரு கோப்பை சூடான ரசம் குடித்த அரை மணி நேரத்தில் தலைக்கனம் இறங்குவதை நானே உணர்ந்திருக்கிறேன். ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 2.3 கிராம் சோடியம் இருக்கிறது. அதைத் தட்டிலும் சூப்பிலுமாக நாள் முழுவதும் பரப்பிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றினால், மாத்திரையின் அளவையே குறைக்க வேண்டியிருக்கலாம். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் கொழுப்பைக் கொட்டுவது

நேற்றுவரை இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பழகிய வயிற்றுக்கு இன்று நெய்யும் தேங்காய் எண்ணெயும் வழிய வழியக் கொடுத்தால் அது திணறும். கொழுப்பு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். மதியம் உண்டது இரவிலும் நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கும். அதைப் பசியின்மை என்று சொல்லிக்கொள்வோம். எடை குறைக்க வந்தவரின் உடலிலேயே கொழுப்பு கையிருப்பு இருக்கிறது. வெளியிலிருந்து ஊற்றும் கொழுப்பை ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டினால் போதும். மலச்சிக்கல் வந்தாலும் வயிறு மந்தமாகும். கீரை, புடலங்காய், வெண்டைக்காய், வெள்ளைப் பூசணி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு முட்டையும் இறைச்சியுமாக உண்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திகட்டலுக்கு நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. இஞ்சித் துவையல், எலுமிச்சை பிழிந்த மீன், புதினா அரைத்த பனீர், உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு. சூடான முட்டையின் வாசனை குமட்டினால், வேகவைத்து ஆறிய முட்டையில் மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் உணவுக்குப் பிறகு வலது மேல் வயிற்றில் வலி எழுந்து தோளுக்கோ முதுகுக்கோ பரவினால் துவையலும் எலுமிச்சையும் உதவாது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கற்கள் உருவாகலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையை அப்படியே தொடர்வது

இதைப் படிப்பவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மற்ற எதையும் விட இந்தப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்கும். பசி இல்லை என்று மதிய உணவைத் தவிர்த்துவிட்டு, பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் தாழ்சர்க்கரை வரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தெரிந்தால் கீட்டோ கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். மெட்ஃபார்மினுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் அதுவே பசியைக் குறைத்துக் குமட்டலைத் தரக்கூடியது. உணவோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது. செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளும் பசியை அடக்குபவைதான். அவற்றோடு கீட்டோவையும் சேர்த்தால் உண்பது மிகவும் சுருங்கிவிடும்.

இவற்றைவிட ஆபத்தானது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. 2020-இல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் விலை குறைந்தது. இன்று பலரின் மருந்துச் சீட்டில் இது இருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் கீட்டோ அசிடோசிஸ் என்ற நிலையை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே எச்சரித்தது. ரத்தத்தில் கீட்டோன்கள் கட்டுமீறி ஏறி ரத்தம் அமிலமாகும் நிலை அது. மாவுச்சத்தையும் நிறுத்தினால் ஆபத்து மேலும் கூடும். அதன் முதல் அறிகுறிகள் என்ன தெரியுமா? பசியின்மை, குமட்டல், வாந்தி, வயிற்று வலி, சோர்வு. கீட்டோ தொடங்கியவர் "எல்லோருக்கும் வருவதுதானே" என்று ஒதுக்கிவிடும் அதே அறிகுறிகள்! வீட்டில் சர்க்கரை அளந்து பார்த்தால் 250-க்குக் கீழேயே இருக்கலாம். அந்த எண் தரும் ஆறுதல் பொய். கீட்டோ உணவில் ரத்தக் கீட்டோன் அளவு பொதுவாக 0.5 முதல் 3 மில்லிமோல் வரை நிற்கும். அதற்கு மேல் ஏறி, வாந்தியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் அது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உரிய நிலை. 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், கீட்டோவில் இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெயர் "ஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை உங்கள் அட்டையில் இருந்தால், மருத்துவரைப் பார்த்துப் பேசும்வரை இந்த உணவைத் தொடங்க வேண்டாம். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரும் தாமாகத் தொடங்கக் கூடாது.

எல்லாவற்றையும் கீட்டோ தலையில் போடுவது

பசி இல்லை, எடை குறைகிறது. கீட்டோவில் இருப்பவருக்கு இரண்டுமே நல்ல செய்தியாகத் தெரியும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் வாழ்கிறோம். அதுவும் இப்படித்தான் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், இரவில் வியர்வை கூட இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். குமட்டலோடு கூடிய வெறுப்பு, உப்பையும் கொழுப்பையும் சரிசெய்தபின்னும் இரண்டு மூன்று வாரம் தாண்டி நீடிப்பது இயல்பில்லை.

விட்டுவிட நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கல்யாண விருந்தோடு கீட்டோவை முறித்துக்கொண்டு மறுநாள் பழைய தட்டுக்குத் திரும்பினால், அடங்கியிருந்த பசி முழு வேகத்தில் வரும். மெல்போர்ன் ஆய்வில் ஏறிய அதே கிரெலின்தான் இங்கேயும் ஏறுகிறது. பலர் அதைத் தங்கள் மனவுறுதிக் குறைவு என்று எண்ணி வருந்துகிறார்கள், வருந்த வேண்டாம். முதலில் மதியத்துக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணம் சோறு, ஒரு வாரம் கழித்து இரவில் ஒரு தோசை என்று படிப்படியாக ஏற்றுங்கள். முட்டையையும் மீனையும் தட்டில் அப்படியே வைத்திருங்கள்.