பொனேர் தீவில் கரையிலிருந்தே ஸ்கூபா: முதன்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

ஸ்கூபா விடுமுறை என்றாலே விடியற்காலைப் படகு, நெரிசல், குமட்டல் என்று தயங்குகிறவர்கள் பொனேரைப் பார்க்கலாம். வெனிசுவேலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், கரீபியன் கடலில் இருக்கும் சிறு தீவு இது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. செலாவணி அமெரிக்க டாலர். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அந்தக் கரையை ஒட்டியே பவளத்திட்டு ஓடுகிறது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். இறங்கும் இடங்களின் பெயரை மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் எழுதிச் சாலையோரம் வைத்திருப்பார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. படகில் போனால் எங்கே இறங்குவது, எப்போது திரும்புவது என்று சொல்ல ஆள் இருப்பார். கரையிலிருந்து இறங்கினால் அந்தக் கணக்கெல்லாம் உங்களுடையது. பொனேரில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஆழத்தில் இல்லை. முதல் பத்து மீட்டர் தூரத்திலும் கடைசிப் பத்து மீட்டர் தூரத்திலும்தான். அதனால் அந்தப் பகுதியை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

1. சான்றிதழை முடிந்தவரை ஊரிலேயே பாதி முடியுங்கள்

பயிற்றுநர் இல்லாமல், ஒரு துணையோடு மட்டும் இறங்க ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் வேண்டும். இது 18 மீட்டர் வரை போக அனுமதி தரும். பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என மூன்று பகுதிகள். முதல் இரண்டையும் ஊரிலேயே முடித்து, பயிற்றுநரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால், பொனேரில் நான்கு கடல் டைவ் மட்டும் மிச்சம். இரண்டு நாளில் முடியும். முழுப் பயிற்சியையும் தீவிலேயே வைத்துக்கொண்டால் விடுமுறையின் பாதி வகுப்பறையில் போய்விடும்.

நீச்சல் தெரியாமல் சான்றிதழ் கிடையாது. நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும் (முகக்கண்ணாடியான மாஸ்க், மூச்சுக்குழலான ஸ்நார்க்கல், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் போட்டால் 300 மீட்டர்); பிறகு 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள். சான்றிதழே வேண்டாம், ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் அறிமுக டைவ் இருக்கிறது. பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார், 12 மீட்டரைத் தாண்ட மாட்டீர்கள்.

மருத்துவக் கேள்வித்தாளைப் பயணத்துக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, காது அறுவை, இதய நோய், வலிப்பு போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து கட்டாயம். அது இல்லாமல் தீவில் போய் நின்றால் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். பொய் எழுதித் தப்பிப்பது வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று அடைபட்டால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலையே கிழிக்கலாம்.

2. விசா, கட்டணம், காலம்

பொனேர் நெதர்லாந்தைச் சேர்ந்தது என்றாலும் ஐரோப்பாவின் பொது விசா வட்டமான ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கரீபியன் பகுதிக்கான தனி விசா விதிகள் பொருந்தும். வேறு நாட்டு விசா அல்லது வசிப்பிட அனுமதி அட்டை கையில் இருந்தால் விலக்கு கிடைக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன் நெதர்லாந்து தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் சில அமெரிக்க நகரங்களிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு.

இரண்டு கட்டணங்கள் தனித்தனியே வரும்: தீவுக்குள் நுழைவதற்கான வரி ஒன்று, கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம் இன்னொன்று. பூங்கா 1979இல் தொடங்கப்பட்டது, ஸ்டினாபா என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை எல்லாமே பூங்காதான். எங்கே இறங்கினாலும் கட்டணம் உண்டு. இரண்டையும் இணையத்தில் முன்பே கட்டிவிட்டு ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 29 டிகிரி. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் உடை) போதும். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் சூறாவளி அரிது. ஆனால் அறவே வராது என்று நம்ப வேண்டாம்: 1999 நவம்பரில் லென்னி புயல் தொலைவிலேயே போனாலும், அதன் அலை மேற்குக் கரைப் பவளத்தை உடைத்துப் போட்டது. காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசும் நாளில் கரையிலிருந்து இறங்காதீர்கள்.

3. முதல் நாள்: எடைச் சோதனை

கடல் பூங்காவில் டைவ் செய்கிற எல்லோரும் முதலில் விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும். நூறு டைவ் முடித்தவருக்கும் இதே விதிதான். இதைச் சடங்காக நினைக்காமல், எடையைச் சரிசெய்யப் பயன்படுத்துங்கள்.

மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டி நீச்சல்குளத்தில் சரியாக இருந்தாலும் கடலில் போதாது. உப்புநீர் கூடுதலாகத் தூக்கும். பொதுவாக 2 முதல் 3 கிலோ சேர்க்க வேண்டியிருக்கும். சோதிக்கும் முறை: ஆளைவிட ஆழமான நீரில் நிமிர்ந்து நின்று, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) வாயில் இருக்க, இயல்பான ஒரு மூச்சை இழுத்து நிறுத்துங்கள். பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலாடை) இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். அமிழவில்லை என்றால் 1 கிலோ சேர்த்து மறுபடி பாருங்கள்.

சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால், முடிவில் 2 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும். காரணம், காற்றுக்கும் எடை உண்டு. இங்கே வழக்கமாகக் கிடைக்கும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50 பாருக்கு இறங்குவதற்குள் சுமார் 2 கிலோ காற்றைச் சுவாசித்து முடித்திருப்பீர்கள். அந்த எடை குறைந்ததும் கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் பலூன் மாதிரி மேலே போய்விடுவார்கள் புதியவர்கள். இதற்குப் பயந்து நாலைந்து கிலோ கூடுதலாகக் கட்டுவதும் தவறு. அதை ஈடுகட்ட பிசிடியில் நிறையக் காற்று அடைக்க வேண்டிவரும், ஆழம் கொஞ்சம் மாறினாலும் மிதப்பு தாறுமாறாகும்.

4. வண்டியும் பொருட்களும்

சிலிண்டர் வைக்கச் சட்டம் பொருத்திய பிக்கப் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். கியர் வண்டியே அதிகம். இறங்கும் இடத்தில் நிறுத்தும்போது வண்டிக்குள் எதையும் வைக்காதீர்கள்; பூட்டவும் வேண்டாம், கண்ணாடியை இறக்கியே விடுங்கள். பூட்டிய வண்டியில் ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். கடவுச்சீட்டும் கைபேசியும் தங்குமிடத்திலேயே இருக்கட்டும்.

காலணி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கரை முழுக்க உடைந்த பவளமும் கூரான சுண்ணப்பாறையும். தடித்த அடி உள்ள ‘பூட்டி’ என்ற ரப்பர் காலணியும், அதன்மேல் மாட்டும் பின்பக்கம் திறந்த ஃபின்னும் வேண்டும். வெறுங்காலில் போடும் ஃபின் இங்கே உதவாது. கையுறைக்குப் பூங்காவில் தடை. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும் என்பதே காரணம்.

5. எங்கே இறங்குவது

தொடக்கத்துக்கு பாரி ரீஃப், விமான ஓடுபாதையை ஒட்டிய விண்ட்சாக், வடக்கே ‘ஆண்ட்ரியா 2’ ஆகிய இடங்கள். மூன்றிலும் நுழைவு எளிது, திட்டு அருகில். நாள் அமைதியாக இருந்தால் சால்ட் பியர்: உப்பு ஏற்றும் துறையின் தூண்களைச் சுற்றி மீன்கூட்டம் நிற்கும். கப்பல் கட்டியிருந்தால் அங்கே இறங்கக் கூடாது.

1000 ஸ்டெப்ஸ் என்ற இடத்தில் உண்மையில் எழுபதை ஒட்டிய படிகள்தான். நனைந்த சூட்டும் சிலிண்டருமாக ஏறி வரும்போது பெயர் நியாயமாகத் தோன்றும். இரண்டாம் மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கடலோரச் சாலையின் ஒரு பகுதி ஒருவழி என்பதால், இடத்தைத் தவறவிட்டால் ரின்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஹில்மா ஹூக்கர் என்ற 72 மீட்டர் சரக்குக் கப்பலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். கஞ்சா கடத்தியதாகப் பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. 30 மீட்டர் மணல் தரையில் பக்கவாட்டில் கிடக்கிறது. மேல்பக்கமே சுமார் 18 மீட்டர் ஆழத்தில். புதுச் சான்றிதழோடு போனால் மேலே மிதந்து பார்க்கலாம், உள்ளே நுழைவது கூடவே கூடாது.

கிழக்குக் கரையில் அலை ஓயாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கும் எண்ணமே வேண்டாம்.

6. தண்ணீரில் இறங்குதல்

முதலில் ஐந்து நிமிடம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். அலைகள் தொகுதியாக வரும். பெரிதாகச் சில, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று கணித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் வழியையும் இப்போதே பார்த்துவையுங்கள்: ஒரு மரம், ஒரு மஞ்சள் கல், ஒரு கட்டடம்.

அடுத்து, நிழலில் நின்று துணையின் கருவிகளைச் சோதியுங்கள். பிசிடி காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா, ஈயக்கட்டி இருக்கிறதா, கொக்கிகள் பூட்டியுள்ளனவா. பிறகு சிலிண்டரின் அழுத்த மானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுக்க வேண்டும். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். பலர் மானியைப் பார்க்காமல் மூச்சு மட்டும் இழுப்பார்கள். குழாயில் தேங்கிய காற்று நாலு மூச்சுக்குத் தாங்கும், கடலில் தாங்காது.

பிசிடியில் பாதி காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஃபின் கையில். துணையின் கையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். தூக்கி வைத்தால் குழியிலோ கடல் முள்ளெலி மேலோ படும். இடுப்பளவு நீர் வந்ததும் உடனே மிதந்துவிடுங்கள். நிற்க முயல்வதுதான் விழவைக்கும். ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராக ஃபின் மாட்டுங்கள். அலை தள்ளி விழுந்தால் எழ முயலாதீர்கள். மாஸ்க்கும் ரெகுலேட்டரும் இருப்பதால் ஆபத்தில்லை; அப்படியே தவழ்ந்தோ நீந்தியோ ஆழத்துக்குப் போய்விடுங்கள்.

மணல் தரை மெல்லச் சரிந்து, பல இடங்களில் 10 மீட்டரை ஒட்டித் திட்டின் விளிம்பு வரும். விளிம்பில் இறங்கிய இடத்தை அடையாளம் வையுங்கள். படகு கட்டும் மிதவையின் கான்கிரீட் கட்டை இருந்தால் நல்லது. ‘ஒரு பெரிய மூளைப்பவளம்’ அடையாளமாகாது, அங்கே எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

7. கீழே: காது, காற்று, திரும்புதல்

வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி. பலமாக ஊதினால் உள்காது சேதமாகும். சளி பிடித்திருக்கும் நாளில் டைவை விட்டுவிடுங்கள். மருந்து போட்டு இறங்கினால், பாதியில் மருந்தின் வேகம் குறைந்து மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும்.

காற்றுக் கணக்கு இது. புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆக 40 லிட்டர். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 150 பார் × 11.1 லிட்டர் = 1,665 லிட்டர்: ஏறக்குறைய 41 நிமிடம். 18 மீட்டரில் 30 நிமிடம்கூட இல்லை. பொனேரின் அழகில் பெரும்பகுதி 12 மீட்டரைவிட ஆழம் குறைந்த இடத்திலேயே இருப்பதால் ஆழத்தைத் துரத்துவதில் லாபமில்லை.

நீரோட்டம் இருந்தால் முதலில் அதை எதிர்த்துப் போங்கள். மானி 130 பார் (பிஎஸ்ஐ என்ற அலகில் சுமார் 1,900) காட்டியதும் திரும்புங்கள். இருவரில் யாருக்கு முதலில் அந்த எண் வருகிறதோ அவர் கணக்கே கணக்கு. திரும்பும்போது சற்று ஆழம் குறைவாக வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. ஏற ஏற பிசிடியில் காற்று விரியும், விட்டுக்கொண்டே வர வேண்டும். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். இங்கே அந்த ஆழத்தில் மணலும் கிளிமீன்களும் இருப்பதால் அந்த நிறுத்தம் தண்டனையாகத் தெரியாது.

சிங்கமீன் 2009 முதல் இங்கே இருக்கிறது. அழகானது, முள்ளில் நஞ்சு. அதை வேட்டையாட அனுமதி பெற்றவர்கள் தனியே உண்டு. நீங்கள் தள்ளியே இருங்கள்.

8. வெளியே வருதல்

காற்று மிச்சம் இருக்கும்போதே, ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க, முடிந்தவரை ஆழம் குறைந்த இடம் வரை நீருக்கடியிலேயே வாருங்கள். இடுப்பளவு நீரில் ஃபின்னைக் கழற்றி, அலை இடைவெளியில் நடந்து ஏறுங்கள். முதுகை அலைக்குக் காட்டி நிதானமாக நிற்கக் கூடாது. எத்தனையோ மாஸ்க்குகள் அப்படித்தான் போயின.

2023இல் கல்பவளங்களைத் தாக்கும் திசு இழப்பு நோய் தீவில் கண்டறியப்பட்டது. நாளின் முடிவில் கருவிகளை நன்னீரில் கழுவி, கடையில் கிருமிநீக்கத் தொட்டி வைத்திருந்தால் அதிலும் முக்கி உலர்த்துங்கள். நோய் காரணமாக மூடப்பட்ட இடங்கள் இருந்தால் விளக்கக் கூட்டத்திலேயே சொல்வார்கள்.

9. கடைசி நாள்

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. 24 மணி நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி தெரிந்தால் விமான நிலையத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவை அழுத்த மாற்றத்தால் வரும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தலைநகர் கிராலண்டைக்கில் உண்டு. அந்தச் சிகிச்சைக்குச் செலவு மிக அதிகம். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் தராது, டைவிங் காப்பீட்டைத் தனியே எடுத்துவிடுங்கள்.

டைவ் இல்லாத அந்த நாளுக்கு வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா பொருத்தம். அங்குள்ள பிரண்டாரிஸ் குன்று 241 மீட்டர். டைவ் செய்கிறவர்கள் உயரத்துக்கென்று தனிக் கணக்குப் போட வேண்டிய 300 மீட்டருக்குக் கீழேதான் இது. ஆனாலும் முந்தைய நாள் மாலை டைவ் முடித்திருந்தால் ஏற்றத்தில் மூச்சுவாங்க விரையாமல், காலையிலேயே தொடங்கி மெதுவாக ஏறுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கள்ளிச்செடி தவிர நிழல் அதிகம் இல்லை.